கமலவேணி நின்ற வாசல்கள்

எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்தால் கமலவேணி அக்கா முதலில் காமாட்சியம்மாள் வாசலில் நிற்பாள். அடுத்தது பால் பூத். அதற்கடுத்தது பிள்ளையார் கோயில் மதில். இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. போகும்போதும் நிற்பாள், திரும்பும்போதும் நிற்பாள். கையில் கனமான பை இருந்தாலும் நிற்பாள், தூறல் விழுந்தாலும் நிற்பாள். அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள். இன்னா குழம்பு, மருமக எப்ப வருது, தண்ணி வந்துதா. பிறகு எதிரே இருப்பவர் பாதி பேச்சில் இருக்கும்போதே "சரிக்கா, வர்றேன்" என்று கிளம்பிவிடுவாள்.

தெரு அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் சிவபாலனின் மனைவி; அவரை நான் மாமா என்பேன். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், நடுவில் தறிக்கூடம். மாமாவும் அக்காவும் ஒரு தறி, என் கணவர் ஒரு தறி. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூல் சுற்றித் தருவது என் வேலை. அதை ஜன்னலோரம் உட்கார்ந்து செய்வேன். ரோடு போடப் போட எங்கள் தெரு உயர்ந்துகொண்டே போய், வீடு தாழ்ந்துவிட்டது. அதனால் ஜன்னலில் உட்கார்ந்தால் போகிறவர்களின் முகம் தெரியாது. முட்டிக்குக் கீழேதான் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு வெளியே போய் நாலு பேரோடு பேசவும் வராது. தெருவில் எனக்குத் தெரிந்தவர்களை நான் காலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்காவின் கால் மற்றவர்கள் கால் மாதிரி நிற்காது. காமாட்சியம்மாள் வாசலுக்குக் கொஞ்சம் முன்பே இடது கால் தேய ஆரம்பிக்கும். நின்றதும் இடது குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும். வலது காலின் முன்னெலும்பில் இடது கெண்டைக்காலை வைத்துத் தேய்ப்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் குதிகால் தரைக்கு வரும். பாதம் முழுசாகப் பதியும். பதிந்த உடனே கால் கிளம்பிவிடும். பேச்சு முடிந்ததா இல்லையா என்பதற்கும் அந்தக் கிளம்பலுக்கும் சம்பந்தமே கிடையாது.

வருடக்கணக்காக இதைப் பார்த்த பிறகு ஒருநாள் சமையற்கட்டில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, உனுக்குக் கால்ல இன்னா?"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை. "எப்படித் தெரியும் உனுக்கு?"

"ஜன்னல்ல காலுதான தெரியுது."

"நடந்தா கெண்டைக்கால்ல யாரோ ஈரத்துணிய முறுக்கிப் பிழியிற மாரி இருக்குதுடி. நின்னா போயிடுது. மறுபடி நடந்தா மறுபடி பிழியுது."

"அதுக்கு இன்னாத்துக்கு ஊர்ப் பேச்செல்லாம் பேசிக்கினு நிக்கற? சும்மா நில்லேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "பொம்பள சும்மா தெருவுல நின்னா இன்னா சொல்வாங்க? உங்க மாமா டீக்கடையில காலைல போய் நின்னா டிபன் வேளைக்குத்தான் வராரு. யாராவது கேட்டாங்களா? நான் நிக்கணும்னா ஒரு சாக்கு வேணும். பேச்சு ஒண்ணுதான் காசில்லாத சாக்கு."

அதோடு அரிசியை உலையில் போட்டுவிட்டாள்.

அக்கா ஓரிக்கையில் பிறந்தவள். பாலாற்று மணலில் ஓடி வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் நடைக்கு ஈடு கொடுக்க முடியாமல் மாமா பின்னால் வருவாராம், தெரு சிரிக்குமாம். பேச்சும் அப்போது அவளிடம் அதிகம் கிடையாது. பூவேலை புட்டா போட்ட புடவை நெய்யத் தறியில் உட்கார்ந்தால் பகல் முழுக்க வாயைத் திறக்க மாட்டாள். வாயில் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும், அவ்வளவுதான். பேசப் பிடிக்காத பெண்ணைக் கால் பேச வைத்தது. அதற்குத் தெரு வைத்த பெயர் ரேடியோ.

பிறகு காமாட்சியம்மாள் வீட்டில் பெண் பார்க்க ஐயம்பேட்டையிலிருந்து வந்தார்கள். பார்த்தார்கள், டிபன் சாப்பிட்டார்கள், போனார்கள். சில நாளில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வந்த அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அத்தை பால் பூத் பக்கம் நின்றிருந்தாள். அக்காவும் அங்கே நின்றிருந்தாள், வழக்கம் போல. தெருவுக்கு அது போதுமாயிருந்தது.

காமாட்சியம்மாள் எங்கள் படியில் வந்து நின்று கத்தினாள். "உன் வாய்க்குப் பூட்டே கிடையாதா வேணி? எம் பொண்ணு வாழ்க்கையையும் சேத்து மென்னு துப்பிட்டியே."

"நான் இன்னா சொன்னேன்? பஸ்ஸு எப்பன்னு அந்தம்மா கேட்டாங்க, சொன்னேன்."

"பஸ்ஸு டைம் சொல்றதுக்கு அவ்ளோ நேரமா? தெருவே பாத்துக்கினு இருந்திச்சி."

மாமா, கால் விட்டு மிதிக்கிற தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி, "வேணி, உள்ள போ" என்றார். காமாட்சியம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் மனைவியைத்தான் உள்ளே போகச் சொன்னார்.

அன்று சாப்பாடு பரிமாறும்போது நான் வாயைத் திறந்தேன். மாமா எதிரில் நான் அதிகம் பேசியதில்லை. "மாமா, அக்கா பேசறதுக்காக நிக்கல. கால் போவாம நிக்குது."

மாமா சிரித்தார். "சரிதான். ஒரு ரேடியோ பத்தாதுன்னு இது ஒண்ணு."

என் கணவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார், "நாள் பூரா தறி மிதிக்கிற காலு. அதுக்கு இன்னா வந்திச்சு?"

அதுதான் அவர்களுடைய கேள்வி. உட்கார்ந்து மிதிக்கும்போது வலிக்காத கால் நடக்கும்போது மட்டும் எப்படி வலிக்கும்? நடிப்பு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு வாசல்கள் மூடிக்கொண்டன. அக்கா வருவது தெரிந்தால் கோலம் போடுகிறவள் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அக்காவுக்கு நிற்காமல் இருக்க முடியாது. மூடிய கதவுக்கு எதிரே நிற்பாள். சில நாள் மின்கம்பத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை எழுத்து எழுத்தாகப் படிப்பதுபோல் நிற்பாள். செத்தவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. கடைசியில் வெளியே போவதையே விட்டுவிட்டாள். பாலை நான் வாங்கினேன், காய்கறியை மாமா வண்டியில் வாங்கி வந்தார். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போவதும் நின்றது.

உட்கார்ந்த பிறகு கால் இன்னும் மோசமாயிற்று. சமையற்கட்டிலிருந்து தறிக்கூடத்துக்கு வருவதற்குள் பிழிய ஆரம்பித்தது. ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. நரம்புத் தளர்ச்சி, வயசு, எடையைக் குறைங்க என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார். அக்காவின் வளையல் முழங்கை வரை ஏறும். அவளிடம் குறைக்க என்ன இருந்ததென்று நான் கேட்டிருக்க வேண்டியது அவரைத்தான். ஆட்டோவில் அக்காவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கேதான் மாமா தன் வைத்தியத்தை ஆரம்பித்தார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்; ஒரு பாவு முழுவதும் நெய்து முடிந்ததும் கடைசியில் கொஞ்சம் இழை நெய்ய முடியாமல் மிஞ்சும். வீணாக்க மனசு வராது, பட்டு ஆயிற்றே. அதைப் பின்னி, முறுக்கி, எதையாவது கட்ட வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டுக் கச்சையைச் சூடான கற்பூர எண்ணெயில் நனைத்து, கணுக்காலிலிருந்து முட்டி வரை மாமா சுற்றினார். நெசவுக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தறியில் எது தொய்ந்தாலும் இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும். பாவு தொய்ந்தால் இழுத்துக் கட்டு, கயிறு தொய்ந்தால் இழுத்துக் கட்டு. பெண்டாட்டியின் கால் தளர்ந்துவிட்டது, அதையும் இழுத்துக் கட்டு. தினமும் காலையில் விபூதி பூசிக்கொண்டு, தறியில் இறங்கும் முன், அவள் காலைத் தன் மடியில் வைத்து அவரே கட்டுவார். அவிழாத முடிச்சு அது.

தெரு உருகிப் போனது. "பொண்டாட்டி கால மடியில வெச்சுக்கற மனுசன் எங்க இருக்காரு" என்றார்கள். மாமாவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கட்டினார்.

அக்கா முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவர் தறிக்குப் போனதும் விரலைக் கச்சைக்குள் விட்டுத் தளர்த்தப் பார்ப்பாள். முடியாது. பாதம் வெளுத்து மெழுகு மாதிரி ஆகிவிடும்.

"அவுத்துடவா?" என்றேன் ஒரு நாள்.

"வேணாம். அவ்ளோ ஆசையா கட்டறாரு. இத்தினி வருசத்துல இப்பதான் காலுன்னு ஒண்ணு எனுக்கு இருக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது."

கச்சை உரசிய இடத்தில், முன்னெலும்பின் மேல், ஒரு புண் வந்தது. சின்னப் புண். மஞ்சள் வைத்தோம், ஆறவில்லை. வேப்பிலை அரைத்துப் போட்டோம், ஆறவில்லை. ஓரம் கறுக்க ஆரம்பித்ததும் நான் என் கணவரிடம்கூடச் சொல்லாமல் அக்காவை ஷேர் ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே பிரேம்நாத் என்று ஒரு டாக்டர். கூட்டம் நெரித்தது. அவர் அவசரப்படவில்லை. கச்சையை முதலில் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பார்த்தார். கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எவ்வளவு தூரம் நடந்தா வலிக்குதும்மா?"

"முன்னெல்லாம் காமாட்சிக்கா வீடு வரிக்கும் போவேன் சார். இப்ப எங்க வீட்டு உள்ளாறயே வலிக்குது."

"நின்னா போயிடுதா?"

அக்கா சட்டென்று என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர். "போயிடுது சார்" என்றாள்.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். சர்க்கரை இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சர்க்கரையும் புகையிலையும் சேர்ந்து செய்த வேலை. உட்கார்ந்து தறி மிதிக்கச் சதைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்க நிறைய வேண்டும். குழாய் அடைத்திருந்தால் நடக்கிற சதைக்கு ஆக்சிஜன் போதாது. அந்தத் திணறல்தான் பிழிகிற வலி.

"அப்ப நடக்கக் கூடாதா சார்?"

"நடக்கத்தான் வேணும். புண் ஆறட்டும், நான் பாத்துட்டுச் சொல்றேன். அதுக்கப்புறம் தினமும் நடங்க. வலி நல்லா பிடிக்கிற வரைக்கும் நடங்க, நில்லுங்க, வலி போகட்டும், மறுபடி நடங்க. ஆக்சிஜன் பத்தாம தவிக்கும்போது சதை சும்மா இருக்காதும்மா. ஒரு சேதி அனுப்பும். அதைக் கேட்டு, பக்கத்துல இருக்கிற பொடிப் பொடி ரத்தக் குழாயிலேர்ந்து புதுசா கிளை விடும். அடைச்ச குழாயச் சுத்திக்கினு போற சின்னக் குழாய்ங்களும் நடக்க நடக்கப் பெருசாகும். இருக்கிற ஆக்சிஜன சிக்கனமா செலவு பண்ணவும் சதை கத்துக்கும். எல்லாம் சேந்துதான் கால் நடக்குது."

டாக்டர் வெட்டி எறிந்த கச்சையை அக்கா பார்த்தாள். "அப்ப இறுக்கிக் கட்டினா? அதுவும் தவிப்புதான சார்? கிளை விடாதா?"

"நல்லா கேட்டீங்க. தவிக்கிறது வேற, பட்டினி போடறது வேற. நடந்து தவிச்சிட்டு நின்னா, திரும்ப ரத்தம் வருது. வேலை செய்யிற சதை வளருது. கட்டி உக்கார வெச்சா, வர்ற கொஞ்சமும் வராது. தோல் செத்துப் போகும். இன்னும் கொஞ்ச நாள் கட்டியிருந்தா நான் விரலை எடுக்கறதப் பத்திப் பேசியிருப்பேன். இப்பவும் சொல்றேன், புகையிலைய விடாம, நடக்காம இருந்தா கால் போயிடும். நடந்தும் சரி வரலன்னா அடைப்பை எடுக்கச் சென்னைக்கு எழுதித் தரேன்."

பிறகு, மருந்து எழுதிக்கொண்டே, "இத்தனை வருஷம் நீங்க நடந்து நின்னு, நடந்து நின்னு வந்தீங்களே, அதுதான் இந்தக் காலை இதுவரைக்கும் கொண்டாந்திருக்கு" என்றார்.

காமாட்சியம்மாள் வாசல், பால் பூத், பிள்ளையார் கோயில் மதில். ஊர் அவளை எதற்காக அசிங்கப்படுத்தியதோ அதுதான் அவளுக்கு மருந்தாக இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு ஒரு பட்டுக் கச்சையைக் கட்டினார்கள். அதற்குத் தெரு மாமாவைப் புகழ்ந்தது.

வீட்டில் சொன்னேன். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கவர்மெண்டு ஆஸ்பத்திரி. பெட்டு இல்லாதவன் நடன்னுதான் சொல்லுவான்."

"கட்டினா கால் போயிடும்னு சொன்னாரு மாமா."

"நான் கட்டினதாலயா?" என்று கேட்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் சின்னதாகிவிட்டது. பாவமாக இருந்தது. பாவப்பட்டுக்கொண்டே கோபமும் வந்தது, அவர் கேட்டது தன்னைப் பற்றித்தான்.

மாத்திரையும் மருந்துக் கட்டுமாகப் புண் மெல்ல ஆறியது. நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அக்கா செருப்பைப் போட்டபோது மாமா குறுக்கே நின்றார்.

"மறுபடியும் வாசல் வாசலா நிக்கப் போறியா? மறுபடியும் ஒருத்தி படியில வந்து கத்துவா. நான் தலை நிமிந்து நடக்க வேணாமா? எங்க போவணும்னு சொல்லு, வண்டியில கொண்டு போய் விடறேன்."

"எங்கயும் போவத் தேவையில்ல. நடக்கணும்."

"வீட்டுக்குள்ள நட."

வீட்டுக்குள் தறி இருக்கிறது, குழி இருக்கிறது, பீரோ இருக்கிறது. எங்கே நடப்பது? அக்கா செருப்பைக் கழற்றினாள். அடுத்த வாரம் ஒரு புதுக் கச்சை வந்தது. இந்த முறை தளர்வாகத்தான் கட்டுவேன் என்றார். அவர் தளர்வு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் எங்கள் பாவு தெருவுக்கு வந்தது.

புதுப் பாவு தறியில் ஏறும் முன் விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டுவோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மரத் தாங்கிகளின் மேல் பட்டு இழைகள் பாலம் மாதிரி நிற்கும். கஞ்சி தெளித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து நடந்து, அறுந்த இழையை முடிந்து, ஒட்டிய இழையைப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு அந்த வீட்டு ஆட்கள் போதாது. அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. என்ன சண்டை இருந்தாலும் பாவு நீட்டினால் வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாக வேண்டும். பேச வேண்டியதில்லை. இழையைப் பார்த்தால் போதும். காமாட்சியம்மாளும் வந்தாள். எங்களைப் பார்க்காமல் பாவைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அன்று இரண்டு வீட்டிலிருந்து ஆள் வரவில்லை, ஏதோ கல்யாணம். கஞ்சி காய ஆரம்பித்துவிட்டது. இழைகள் ஒட்டிக்கொள்ளப் போகின்றன. மாமா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். நான் கூச்சத்தை விட்டுத் தெருவுக்கு வந்து ஒரு பக்கம் நடந்தேன். அப்போது அக்கா படியில் வந்து நின்றாள்.

"உள்ள போ" என்றார் மாமா.

"ஆள் பத்தல."

"உன்னால முடியாது. உள்ள போ."

காமாட்சியம்மாள் தலை நிமிராமல், எல்லோருக்கும் கேட்கும்படி, "ரேடியோவ பாவு பக்கத்துல வெச்சா வேலை நடந்த மாரிதான்" என்றாள். ஓரிருவர் சிரித்தார்கள். மாமாவும் வாயைக் கோணிக்கொண்டார். சிரிப்புதான் அது, நான் பார்த்தேன்.

அக்கா படியில் உட்கார்ந்தாள். முடிச்சோடு போராடாமல் காய் நறுக்குகிற கத்தியால் கச்சையை மேலிருந்து கீழ் வரை கிழித்தாள். எழுந்து நேராகக் காமாட்சியம்மாளிடம் போனாள். போகும்போதே கால் தேய்ந்தது.

"கைய குடு."

"எதுக்கு?"

"குடுன்றேன்."

அவள் கையைப் பிடித்து இழுத்து, புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கி, தன் இடது காலில் வைத்தாள். பிறகு வலது காலில் வைத்தாள். தெருவில், அத்தனை ஆண்கள் நடுவில். யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இன்னா தெரியுது?"

காமாட்சியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். "சில்லுனு இருக்குது. பொணத்துக் கால் மாரி."

"இந்தக் காலோடதான் உன் வாசல்ல நின்னேன். உம் பொண்ணு கதை கேக்க நிக்கல. உன் வீட்டுக் குழம்பு வாசனைக்கும் நிக்கல. கால் போவல, அதுனால நின்னேன். இத்தினி வருசமா நின்னேன். ஒருத்திக்காவது, ஏண்டி வேணி நொண்டறியேன்னு கேக்கத் தோணிச்சா? வாய மட்டும் பாத்தீங்க."

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது? நான் நின்ன உடனே நீ உங்க மாமியாக் கதைய ஆரம்பிச்சிருவ. நீ மூச்சு விடறதுக்குள்ள என் கால் சரியாயிடும்."

இந்த முறையும் யாரோ சிரித்தார்கள், ஆனால் காமாட்சியம்மாளைப் பார்த்து. அவள் முகம் சிவந்து, பாவின் மறுபக்கம் போய்விட்டாள்.

அக்கா மாமா பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது, அதனால் இன்னும் பயமாக இருந்தது. "உங்க பாவு நீட்டினா ஊரையே கூப்புட்டு நடக்க விடறீங்க. என்னை மட்டும் கட்டி உக்கார வெக்கறீங்க. இனிமே என் கால்ல கைய வெக்காதீங்க."

மாமா கஞ்சி வாளியோடு நின்றார். மூன்றாவது தாங்கியின் கால் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா கிழித்த கச்சையை எடுத்து, அந்த மரக்காலைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு பாவோரம் நடக்க ஆரம்பித்தாள். இழையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், வலி பிடித்தபோது நின்றாள், நின்ற இடத்தில் அறுந்த இழையை முடிந்தாள், மறுபடி நடந்தாள். நிற்பதற்கு அன்று அவளுக்குச் சாக்குத் தேவைப்படவில்லை. வெயில் ஏறும் முன் பாவு காய்ந்தது.

மறுநாளிலிருந்து நடந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். நடக்கும்போது டீக்கடையில் இருக்கிறவர்கள், "இன்னா வேணிம்மா, இன்னிக்கு எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார்கள். அவள் நின்று, இடுப்பில் கை வைத்து, "உங்க பொண்டாட்டிங்க ஸ்டேஷன். அவங்க உங்களப் பத்தி சொன்னதெல்லாம் வாசிக்கட்டுமா?" என்பாள். பிறகு அவர்கள் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். வலிக்கும்போது வாயை இறுக்கிக்கொள்வாள். அந்த வலி நல்ல வலி என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியாது. பல நாள் மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றதை, பால் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறேன்.

நடையைவிடப் புகையிலைதான் அவளைப் படுத்தியது. விட்டாள், மறுபடி போட்டாள். பெட்டிக்கடைக்காரர் தினேஷ், அவள் கேட்காமலே ஒரு புகையிலைப் பொட்டலத்தைக் காய்கறிப் பையில் போட்டு அனுப்புவார். பழைய வாடிக்கையாம். நான் ஒரு நாள் கடைக்குப் போய் அந்தப் பொட்டலத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்து, "இதுக்கப்புறம் அக்கா கால் போச்சுன்னா உங்க கடை வாசல்லதான் உக்கார வெப்பேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த விதம், ஜன்னல் பேசுகிறது என்பது போல. பாக்கு மட்டும் மெல்லப் பழகினாள். அதுவும் கெடுதல் என்று டாக்டர் திட்டினார். இப்போது கொஞ்சம் சோம்பை வாயில் போட்டுக்கொள்கிறாள்.

மாதங்கள் போனபின் ஒரு காலையில் ஜன்னலில் அந்தக் கால்களைப் பார்த்தேன். காமாட்சியம்மாள் வாசலில் இடது கால் தேயவில்லை. நிற்காமல் தாண்டியது. நூல் சுற்றுவதை விட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினேன். அக்கா பால் பூத் அருகே நின்று திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. இத்தனை நாள் யாரோ பிடுங்கி வைத்திருந்ததைத் திரும்ப வாங்கியவள் போல முகத்தை வைத்திருந்தாள்.

காமாட்சியம்மாள் மகளுக்கு வேறு இடத்தில் முடிந்தது. அந்த ஐயம்பேட்டைக்காரர்கள் வேண்டாம் என்றதற்குக் காரணம், மாப்பிள்ளை ஏற்கனவே வேறு ஒரு பெண்ணிடம் வாக்குக் கொடுத்திருந்தானாம். அது தெருவுக்கே தெரியும். அக்காவிடம் வந்து அதைச் சொன்னவர்கள் யாரும் இல்லை. காமாட்சியம்மாள் மன்னிப்புக் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்று கமலவேணி அக்கா பிள்ளையார் கோயில் மதில் வரை நிற்காமல் போகிறாள். அங்கே ஒரு தடவை நின்றுவிட்டு, கச்சபேஸ்வரர் கோயில் குளக்கரை வரை போய்த் திரும்புகிறாள். அடைப்பு அப்படியேதான் இருக்கிறது என்றும், அதைச் சுற்றி ரத்தம் வேறு வழியில் போகிறது என்றும் டாக்டர் சொல்கிறார். குளிர் நாளில் இடது பாதம் சில்லென்றிருக்கும். சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரையும் தினமும் சாப்பிடுகிறாள். பகலில் தறியில் உட்கார்கிறாள். மாமா அவள் காலைத் தொடுவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. தெரு அவளை இன்னும் ரேடியோ என்றுதான் கூப்பிடுகிறது. கால் இருக்கிறது.